கையுறை போட்டு வாங்கிய கேமரா

துறைமுகத்தில் அவரை நீர்க்காகம் என்றுதான் கூப்பிடுவார்கள். மெலிந்த உடம்பு, நீளக் கழுத்து. தண்ணீரைக் கண்டால் தலை தானாகக் கவிழ்ந்துவிடும் என்று கேலி வேறு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. இருபத்து மூன்று வருடம் கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சுரண்டித்தான் பிழைத்தார். நெடுநாள் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் அடியில் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் கூட்டம் கூட்டமாக ஒட்டி, கல்லாக இறுகிக் கிடக்கும். முதுகில் காற்று உருளையும் கையில் அகலத் தகடுமாக இறங்கி அதைப் பெயர்த்துத் தள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் மற்றவர்கள் ஏறிவிடுவார்கள். இவர் மட்டும் இரண்டு நிமிடம் பிந்துவார். கப்பலுக்குக் கீழே மல்லாந்து, அதன் கறுப்பு முடிந்து வெளிச்சம் தொடங்கும் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். பச்சை வெளிச்சம் கீற்றுக் கீற்றாக இறங்கும். அவர் விட்ட மூச்சு தளதளவென்று மேலே போகும். இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று மனைவி கேட்டால் "பெரிய கப்பல்" என்பார். இல்லாவிட்டால் "சின்னக் கப்பல்." அவ்வளவுதான்.

ஒரு நாள் சளியோடு இறங்கினார். ஆறு மீட்டரில் இடது காதுக்குள் ஏதோ படாரென்றது. கடல் ஒரு சுற்றுச் சுற்றியது. மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் தவித்தவரை, உடன் இறங்கியிருந்த ஆள்தான் இடுப்பைப் பிடித்து மேலே கொண்டுவந்தான். உடம்பைப் பார்த்து அவனுக்கு வைத்த பெயர் பீப்பாய்.

"செவிப்பறை மட்டும் இல்ல, உள்காதும் அடிபட்டிருக்கு. இனிமே முங்கவே கூடாது. குளிக்கும்போதுகூடக் காதுல பஞ்சு வெச்சுக்கோங்க" என்றார் மருத்துவர்.

"எத்தனை மாசத்துக்கு டாக்டர்?"

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மாசக் கணக்கு இல்லைங்க."

கம்பெனி அவரைக் கருவி அறையில் போட்டது. மற்றவர்கள் கழற்றிப் போடும் ரப்பர் உடைகளை நல்ல தண்ணீரில் அலசித் தொங்கவிட வேண்டும். உருளைகளில் காற்றடைக்க வேண்டும். யாராவது இறங்கினால் கதவருகே வந்து, குமிழி வரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நடை கொஞ்சம் தள்ளாடியது. சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கப் பழகிவிட்டார்.

மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஒரு மாலை அவரை அழைத்துப்போக வந்தவள், குமிழியைப் பார்த்தபடி அவர் நிற்பதைக் கண்டு மூன்று தரம் கூப்பிட்டாள். அவள் நின்றது இடது பக்கம், அவருக்குக் கேட்கவில்லை. நான்காவது தரம் கூப்பிடாமல் அவளும் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் மிதக்கும் தண்ணீர்தான்.

சாப்பிடும்போது கேட்டாள். "அங்க அப்படி என்னதாங்க இருக்கு?"

அவர் கையை மேலே தூக்கினார். விரல்களை விரித்தார். "வெளிச்சம்..." என்றார்.

"ஒரு போட்டோவாவது எடுத்து வெச்சிருக்கலாம்ல?"

"ரெண்டு கையும் வேலைல இருக்குமே."

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "இப்ப எடுக்கச் சொல்லலாமே. பீப்பாய் அண்ணன்கிட்ட குடுத்தா மாட்டேன்னா சொல்லப்போறார்? நம்ம வீட்லயும் ஒரு கேமரா இல்ல. போன்ல எடுத்ததெல்லாம் போனோட போச்சு. ஒண்ணே ஒண்ணு வாங்குவோம். தண்ணிக்கும் ஆகட்டும், வீட்டுக்கும் ஆகட்டும்."

சனிக்கிழமை கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தாள். முதலாவதை இயக்கியதும் மூக்கு நீட்டுவது போல லென்ஸ் வெளியே வந்தது. "வீட்டுக்கு இதுதாங்க பெஸ்ட். இருட்டான ரூம்லகூடப் பளிச்னு எடுக்கும். ஆனா தண்ணிக்குள்ள கொண்டுபோகத் தனியா ஒரு பெட்டி வேணும்." பெட்டியைக் காட்டினாள். டிபன் பாக்ஸ் அளவு இருந்தது. மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

இரண்டாவது, பெட்டி இல்லாமலே முங்கும். பத்து மீட்டர்.

"பத்து பத்தாது" என்றார் அவர். "பெரிய கப்பலுக்கு அடியில போனா அதுக்கும் கீழ ஆயிடும்."

மூன்றாவது பதினைந்து மீட்டர். லென்ஸ் உள்ளுக்குள்ளேயே நகரும், வெளியே வராது. ஆழத்தில் முதலில் செத்துப்போகும் சிவப்பு நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர அதில் தனி ஏற்பாடும் இருந்தது. பேட்டரி மூடியைத் திறந்து, சுற்றிலும் ஓடும் ரப்பர் வளையத்தைக் காட்டினாள் பெண். "இதுல ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணி உள்ள போயிடும். பார்த்துக்கோங்க."

ரப்பர் வளையத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரலால் ஒரு சுற்றுத் தடவி, தலையை ஆட்டினார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தடித்த ரப்பர் கையுறை ஒன்றை எடுத்தார். பழைய கையுறை, கட்டைவிரல் பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். இரண்டாவது கேமராவில் ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கியது. மூன்றாவது சொன்னபடி கேட்டது.

"சார் டைவரா? நீங்களே இறங்குவீங்களா?" என்றாள் பெண், கண்ணை விரித்து.

"ஆமா" என்றார் அவர்.

மனைவி சட்டென்று அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பைகளைப் பார்க்கத் தொடங்கினாள். "இதையே குடுங்கம்மா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பீப்பாய் கேமராவோடு இறங்கினான். நாற்பது படம் எடுத்து வந்தான். பாதியில் ஃபிளாஷ் பட்டுத் தண்ணீரில் மிதக்கும் தூசெல்லாம் மாவு கொட்டியது போல் வெள்ளையாக இருந்தது. மீதியில் உந்துவிசிறி, போல்ட்டு, அவன் கட்டைவிரல்.

"ஃபிளாஷை அணைச்சிரு. மல்லாந்து படுத்துக்கிட்டு மேல பாருடா" என்றார் இவர்.

வியாழக்கிழமையும் போல்ட்டுதான் வந்தது.

"மேல பாக்க எனக்கு எங்கண்ணே நேரம்?" என்றான் பீப்பாய். "வேலை முடிஞ்சா எப்படா வெளிய வருவோம்னு இருக்கு. நீங்க அங்க என்னதான் பாத்தீங்களோ!"

அதற்குப் பிறகு அவர் அவனைக் கேட்கவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் மிதவை மேடையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் தானே எடுத்துப் பார்த்தார். திரையைப் பார்க்க முடியாது, குத்துமதிப்புதான். கலங்கல் வந்தது, மேடையின் பாசி வந்தது. ஒரு தரம் தலை சுற்றி உருளப் போனவரை மேடையின் ஓரக் கம்பி தடுத்தது. வீட்டில் சட்டையின் ஒரு கை மட்டும் ஈரமாகக் காய்வதை மனைவி பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்றாள்.

அன்று துறைமுகம் அடங்கிக் கிடந்தது. தண்ணீர் வழக்கத்தைவிடத் தெளிவு. அவர் குப்புறப் படுக்க, அவள் அவர் கால்கள்மேல் உட்கார்ந்துகொண்டாள். பத்துப் படம் எடுத்தார். ஒன்றும் தேறவில்லை. அவள் எழுந்தாள்.

"உங்க கண்ணாடியக் குடுங்க."

"விளையாடுறியா? உனக்கு நீச்சலே தெரியாது."

"நீச்சல் யாரு அடிக்கப் போறா? ஏணியைப் பிடிச்சுக்கிறேன். கயித்தக் கட்டி நீங்க பிடிச்சுக்கோங்க."

அவர் கருவி அறைக்குப் போய் முகக்கண்ணாடி கொண்டுவந்தார். வாரை இரண்டு பிடி இறுக்கி அவள் முகத்தில் பொருத்தினார். இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். அவள் ஒரு கையில் கேமராவோடு ஏணியில் நான்கு படி இறங்கி, மூச்சை இழுத்துக்கொண்டு தலையை முக்கினாள். அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மேடையின் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். அவள் தலைமுடி மட்டும் பரந்து அசைந்தது.

இருமிக்கொண்டே எழுந்தாள். மறுபடி முக்கினாள். ஐந்தாவது தரம் எழுந்தபோது கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ஏணியைப் பிடித்தபடியே கேட்டாள்: "ஏங்க, இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் துவட்டிக்கொள்ளுமுன் படங்களைப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஆடிப்போயிருந்தன. ஒன்று மட்டும் நன்றாக வந்திருந்தது. கீழிருந்து எடுத்தது. மேடையின் கறுப்பு விளிம்பு, அதைத் தாண்டியதும் வெளிச்சம், பச்சைக் கீற்றுகள், அவள் மூச்சின் குமிழிகள். நீர்ப்பரப்புக்கு அப்பால் நெளிந்து கலைந்த ஒரு முகம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய முகம்தான். வெளியே நிற்கும் தன்னை அவர் அங்கிருந்து பார்ப்பது அதுவே முதல் தரம். திரையை அணைக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

"குளிரா இருந்துச்சா?" என்றார்.

"கழுத்துக்கிட்ட மட்டும். உள்ள போனதும் தெரியல."

"ஆமா" என்றார் அவர். "உள்ள போனதும் தெரியாது."

காது தேறவில்லை. அவர் இன்னும் கருவி அறையில்தான் இருக்கிறார். யாராவது இறங்கினால் இன்னும் கதவருகே வந்துவிடுகிறார். கேமரா வாரநாளில் வேனில் போகிறது. தூங்கி வழியும் பிள்ளைகள், பல் விழுந்த பிள்ளைகள் என்று படம் நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதன் ரப்பர் வளையத்தை அவர் துடைத்துக் கொடுக்கிறார். அவள் இப்போது ஏழு படி இறங்குகிறாள்.