சிவப்புப் பருப்பு வந்த வழி

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்து, அங்கிருந்து அரிசி வருவது நின்ற பிறகுதான், அத்தனை காலம் நாங்கள் தின்றது ரங்கூன் அரிசி என்பதே எனக்குத் தெரிந்தது. அம்பத்தூர் ஏரிக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். அங்கே அறுத்த நெல்தான் எங்கள் பானைக்கு வருகிறது என்று நினைத்திருந்தேன். மளிகைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"இங்க வெளையறது பட்டணத்துக்குப் போவுதும்மா. நீ துன்னுகினு இருந்தது கப்பல்ல வந்தது."

சண்டை கடலுக்கு அப்பால் எங்கேயோ நடக்கும்போது இங்கே புளி ஏன் விலை ஏறுகிறது, புளியும் கப்பலிலா வருகிறது என்று கேட்டேன். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் அடுத்தவர் பையை வாங்கிக்கொண்டார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் என் கணவர், மாமனார், இரண்டு பெண் குழந்தைகள், நான். கணவருக்கு ரயில் பட்டறையில் வேலை. நிலம் கிடையாது. கடையில் என்ன கிடைக்கிறதோ அதுதான் சோறு. சண்டை வந்தபின் வாரத்துக்கு ஒன்றாகச் சமையலறையிலிருந்து சாமான்கள் குறைந்தன. புளிக்குப் பதில் தோட்டத்து மாங்காயைப் போட்டேன். மண்ணெண்ணெய் கிடைக்காததால் பொழுது சாயுமுன்பே சாப்பிட்டு முடித்தோம். பருப்பு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்றாகி, பிறகு அதுவும் நின்றது. சோற்றை வடிப்பதையே விட்டுவிட்டேன். கஞ்சியோடு சேர்த்துக் கரைத்தால் இரண்டு பேர் சோறு மூன்று பேருக்கு வரும்.

வடிப்பதை விட்டதில் இன்னொருவருக்கு இடி விழுந்தது என்று எனக்கு உடனே தோன்றவில்லை. தினமும் காலையில் துணி வெளுக்கும் அக்கா ஒருவர் தோட்டத்துப் படலுக்கு வெளியே வந்து நிற்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆவடியில் புதிதாக வந்திருந்த பட்டாளத்து முகாமிலிருந்து துணி எடுத்து வந்து வெளுப்பார். துணிக்குப் போட, எங்கள் தெருவில் வீடு வீடாக வடிகஞ்சி வாங்கிப் போவார்.

"கஞ்சி எதுனா இருக்குதாம்மா?"

"இல்லக்கா. வடிக்கறதே இல்ல. அப்படியே குடிச்சிடறோம்."

"எல்லா ஊட்லயும் இதே பேச்சுதான்," என்றார் அவர், கோபமில்லாமல். "சோல்ஜருங்களுக்கு காக்கித் துணி பலகையாட்டம் நிக்கணும். தொவண்டு கெடந்தா மூஞ்சிலயே விசிறிட்றானுங்க."

அந்த மாதம்தான் ரேஷன் கடையில் அரிசியைப் பாதியாக்கி, மீதிப் பாதிக்குக் கோதுமை போட்டார்கள். தெருவில் யாருக்கும் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாவாக அரைக்க மெஷின் அருகில் இல்லை. நான் அரிசி மாதிரியே உலையில் போட்டேன். இரண்டு முறை தண்ணீர் ஊற்றி, அடுப்பில் இருந்த விறகெல்லாம் தீர்ந்த பிறகும் அது மணி மணியாகவே கிடந்தது. என் மாமனாருக்கு முன்பற்கள் மட்டுமே மிச்சம். ஒரு வாய் வைத்து வெகுநேரம் மென்றார். பிறகு எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "மாட்டுக்கு வெச்சத போட்டுட்டியாம்மா?" என்று கேட்டார். திட்டவில்லை. நிஜமாகவே பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்தது மாறி வந்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி கோதுமையைக் கோழிக்குப் போட்டாள். எனக்கு மனம் வரவில்லை. வட தேசத்தில் கோடிப் பேர் இதைத்தான் தின்கிறார்கள் என்றால் இதற்குள் ஏதோ இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுப் பச்சையாகவே மென்று பார்த்தேன். மாவெல்லாம் கரைந்து உள்ளே போய்விட்டது. ஆனால் பல்லுக்கிடையில் பிசின் மாதிரி ஒன்று மிஞ்சியது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. அரிசியில் இப்படி ஒன்று கிடையாது. அதைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் வந்தார்.

"இன்னாமே பண்றே?"

"கோதுமைக்குள்ள ரெண்டு பொருள் கீதுங்க. ஒண்ணு கரையுது, ஒண்ணு கரையல."

"ரெண்டும் வயித்துக்குத்தானே போவணும்?" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

கோதுமைப் பாலில் அல்வா கிண்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். செய்து பார்த்ததில்லை. அன்று ஊறவைத்து மறுநாள் ஆட்டுக்கல்லில் அரைத்தேன். துணியில் கட்டித் தண்ணீரில் அலசி அலசிப் பிழிந்தேன். தண்ணீர் பாலாக மாறியது. கையில் மிஞ்சியதைத் தண்ணீருக்குள்ளேயே பிசைந்தபோது தவிடு கழன்று போய், பழுப்பு நிறத்தில் அந்தப் பிசின் மட்டும் ஓர் உருண்டையாகத் திரண்டது. பாலைத் தெளியவைத்து உப்புப் போட்டுக் காய்ச்சினேன். பளபளவென்று கெட்டியாக வந்தது. மாமனார் இரண்டு கிண்ணம் குடித்தார். பற்களுக்கு வேலையே இல்லாத சாப்பாடு.

உருண்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கொதிக்கும் நீரில் போட்டேன். உப்பி, கெட்டியாகி மேலே மிதந்தது. துண்டு துண்டாக நறுக்கி, மாங்காய் போட்ட குழம்பில் இறக்கினேன். பெரியவள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "கறியாம்மா?" என்று கேட்டாள். கணவர் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். தவிட்டைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்ததில் ஒரு செம்பு மோர் வந்தது.

அன்று மாலை பாத்திரம் துலக்கும்போதுதான் கவனித்தேன். காய்ச்சும்போது முந்தானையில் சிந்தியிருந்த கோதுமைக் கஞ்சி காய்ந்து, அந்த இடம் அட்டை மாதிரி விறைத்து நின்றது. விரலால் சுண்டினால் சத்தம் வந்தது.

மறுநாள் காலை அக்கா தெருவில் போவதைப் பார்த்துக் கூப்பிட்டு முந்தானையைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இன்னாத்துல போட்டே?"

"கோதுமையில. உங்க ஊட்லயும் குடுத்திருப்பாங்களே?"

"எங்க பக்கம் ரேஷன் கார்டு எழுதறவரே இன்னும் வர்ல," என்றார். "கோதுமைய கண்ணால பாத்ததில்ல."

அன்றிலிருந்து கோதுமை அரைக்கும் நாளில் பாலில் ஒரு பங்கை அவருக்கு எடுத்துவைத்தேன். கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"ஊரே சோத்துக்கு அலையுது. நீ துன்றத எடுத்து சோல்ஜர் சட்டைக்குப் போடறியா?"

எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. ஆனால் அந்தச் சட்டை விறைத்து நின்றால்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரியும் என்பதும் தெரிந்தது. எது சரி என்று என்னால் முடிவு கட்ட முடியவில்லை. கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது வாரம் அக்கா சும்மா வரவில்லை. மடியிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்து முறத்தில் கொட்டினார். பருப்பு! துவரம்பருப்பு இல்லை. அதைவிடச் சின்னதாக, வட்டமாக, செங்கல் பொடி நிறத்தில். நாங்கள் பருப்பைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேகவைத்தேன். சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிட்டது. அது எப்படி மாறியது என்று பார்ப்பதற்காகவே மறுநாள் நாலு பருப்பை மட்டும் தனியாக வேகவைத்தேன்.

கணவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டார். "இது கடையில விக்கிற பருப்பில்லயே. எங்கேந்து வந்தது?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. "பட்டாளத்துச் சரக்கு. முகாம்லேந்து எவனோ திருடித் தர்றான். போலீஸ் வந்தா என் வேல போயிடும். இனிமே வாங்காதே."

மறுமுறை முடிச்சை அவிழ்த்தபோது, "இது எங்கேந்துக்கா வருது?" என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்க்காமல், "வருது, துன்னும்மா," என்றார். அந்தப் பதில்தான் என்னை நிலைகொள்ளாமல் செய்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். தெரிந்தும் சொல்லமாட்டேன் என்கிறாரே!

"நாளைக்கு உங்களோட நானும் ஆவடிக்கு வரட்டுமா?" என்றேன்.

"வந்து பாத்துட்டு, அப்பாலிக்கி வேணான்னு சொல்லக்கூடாது," என்றார். "வேணான்னா இப்பவே சொல்லிடு."

குழந்தைகளை மாமனாரிடம் விட்டுவிட்டு, மறுநாள் ரயில் பாதை ஓரமாக நடந்தோம். அவர் தலையில் வெளுத்த துணி மூட்டை. நான் பாதி தூரம் ஒரு சிறு மூட்டையைத் தூக்கி வந்தேன். கழுத்து ஒடிந்துவிடும் போல இருந்தது. ஆவடியை நான் கல்யாணத்துக்கு முன்பு பார்த்தது. அப்போது கள்ளிக்காடும் பொட்டலுமாக இருந்தது. இப்போது கூடாரம் கூடாரமாக, கம்பிவேலி, லாரி, புழுதி. துப்பாக்கி பிடித்த சிப்பாய் ஒருவன் அக்காவைப் பார்த்ததும் தலையாட்டினான். என்னைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தான். அக்கா அவனிடம் ஏதோ இந்துஸ்தானியில் சொன்னார். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்குப் புதிது.

"உள்ள நீ வர வேணாம். நீ கேட்டது வெளியதான் கீது," என்று என்னை ரயில் பாதைப் பக்கம் திருப்பினார்.

அங்கே சரக்கு வண்டி ஒன்று நின்றது. ஆட்கள் மூட்டைகளை இறக்கி லாரிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொக்கி போட்டு இழுக்கும்போது சாக்கு கிழியும். பருப்பு கொட்டும். லாரி போனதும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கையில் துடைப்பத்தோடு ஓடி வந்து தரையைக் கூட்டினார்கள். அடுத்த லாரி வருமுன் ஒதுங்கினார்கள். மறுபடி ஓடினார்கள். அக்காவும் துணியைக் கொடுத்துவிட்டு வந்து இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அவர்களோடு சேர்ந்தார். மேஸ்திரி ஒருவர் பெட்டி மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடமே போய்க் கேட்டேன். "அய்யா, இத எடுக்கலாமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடம் சுத்தமா இருக்கணும்னு தொரை சொல்றாரு. கூட்றதுக்குக் கூலி கெடையாது. கூட்றவங்க மண்ணோட அள்ளிகினு போவட்டும். உனுக்கு வேணும்னா நீயும் கூட்டு."

உச்சி வெயில் இறங்கும்வரை அக்கா கூட்டிச் சேர்த்தது ஒரு முறம். அதில் பாதிக்கு மேல் மண், கல், மாட்டுச் சாணித் தூள், கரித்துண்டு. ஒரு வேலமர நிழலில் உட்கார்ந்து புடைத்தார், முறத்தை ஆட்டிக் கல் ஒதுங்கும்படி நாவினார், பொறுக்கினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். அரைமணியில் எனக்குக் கண் எரிந்தது. கடைசியில் மிஞ்சியது இரண்டு கை நிறையப் பருப்பு. எனக்கு அவர் கொண்டுவந்து கொட்டியதில் ஒரு கல்கூட இருந்ததில்லை. நான் கொடுத்தது ஒரு செம்பு மாவுத் தண்ணீர். அதற்கு ஈடாக இத்தனை வேலையை வாங்கிக்கொண்டு, திருட்டுச் சரக்கோ என்று வேறு சந்தேகப்பட்டேன். வெட்கமாக இருந்தது.

"ஏன்க்கா முன்னமே சொல்லல?"

"தரையில பொறுக்குனது, லாரி அடியில கூட்டுனதுன்னு சொன்னா உங்க ஊட்ல துன்னுவாங்களா? அதுவும் நான் பொறுக்குனத," என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன். பொய் சொல்ல வராது எனக்கு. சாயங்காலம் கணவர் வந்ததும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். திருட்டு இல்லை என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. தரையில் கூட்டியது என்றதும் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். மாமனார்தான் கேட்டார்.

"நல்லா கழுவினியாம்மா?"

"மூணு தண்ணி கழுவினேன் மாமா."

"அப்புறம் இன்னா? போடு," என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்காவைப் பருப்போடு படலுக்கு வெளியே நிற்கவைக்க என்னால் முடியவில்லை. மண்ணோடு அள்ளி வரச் சொன்னேன். தோட்டத்து மாமரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அவளப் போயி உள்ள உக்கார வெச்சிகினு கீறியே," என்றாள். பொறுக்க ஆள் வேண்டியிருக்கிறது, நீயும் வருகிறாயா என்று கேட்டேன். போய்விட்டாள். சில நாள் மோர் வரவில்லை. பிறகு மாட்டுக்குத் தவிடு வேண்டியிருந்ததால் மோரும் வந்தது.

மழைக்காலம் வரை இப்படி ஓடியது. மழையில் சரக்கு நனையக்கூடாதென்று லாரிக்கும் வண்டிக்கும் இடையில் பெரிய தார்ப்பாயை விரித்தார்கள். சிந்தியதெல்லாம் தார்ப்பாயோடு மறுபடி சாக்குக்குள் போனது. கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஏறக்குறைய அதே சமயம் அக்கா வீட்டுப் பக்கத்துத் தெருக்களுக்கும் ஒருவழியாக ரேஷன் கார்டு எழுதினார்கள். அவருக்கே கோதுமை வந்தது. எங்கள் ஆட்டுக்கல்லிலேயே இரண்டு முறை அரைத்துப் பழகிக்கொண்டு, அப்புறம் தன் வீட்டிலேயே செய்துகொண்டார். என் கஞ்சி அவருக்குத் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் மறுபடி பருப்பில்லாத நாட்கள் தொடங்கின. கீரைத்தண்டையும் முருங்கைக்காயையும் வைத்துச் சமாளித்தோம்.

சண்டை முடிந்தும் விலை இறங்கவில்லை. முகாமில் ஆட்கள் குறைந்து வெளுக்கத் துணி இல்லாமல் போனபோது, அக்கா பூந்தமல்லிக்குப் போய் மகளோடு சேர்ந்து ஒரு இஸ்திரிக் கடை போட்டார். ஒரு முறை அங்கே மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தேன். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மகளை அனுப்பி எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். கடலை எண்ணெய் விற்கிற விலையை நான் சொன்னேன். கரி விற்கிற விலையை அவர் சொன்னார். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டார். பேசிக்கொண்டே இருந்ததில் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் வரும்வரை அவர் கடையிலேயே உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டிக்குள் கரி எப்படி அணையாமல் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.