பழைய மனுவிலிருந்து ஒரு வரி

எதிர்த்தரப்பு வக்கீல் தபால் ஒப்புகை அட்டையை நீதிபதியிடம் நீட்டிய நொடியில்தான், நியாயம் கேட்டு வருபவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கல்லூரியில் படித்தது எனக்கு உறைத்தது. என் கை சுத்தமாக இல்லை.

ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் தமிழ்க்கார அக்கா ஒருவருக்காக ஆஜராகியிருந்தேன். அவர் கோர்ட்டுக்கு வராமலே, கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பாகியிருந்தது. அதை நீக்கக் கேட்கும் கெடுவும் தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம். அவசரத்தில், எல்லா ஜூனியர்களையும் போல, பழைய மனு ஒன்றைத் திறந்து பெயர்களை மாற்றினேன். "சம்மன் கிடைக்கவில்லை" என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. ஆங்கிலம் தெரியாத அக்கா என்னை நம்பிக் கையெழுத்திட்டார்.

சம்மனை வாங்கிக்கொண்டதற்கான அந்தத் தபால் அட்டையிலும் அவர் கையெழுத்துதான்.

"சம்மன் வந்துச்சாக்கா?" என்று கிசுகிசுத்தேன்.

"வந்துச்சு பாப்பா. தெலுங்குல இருந்துச்சு. ஹாஸ்டல்லருந்து பொண்ணு வந்து படிக்கட்டும்னு மிஷின் டிராயர்ல போட்டு வச்சேன். நீ கேக்கவே இல்லியே?"

கேட்கவில்லைதான்.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்த வக்கீல் நண்பன் பின்னாலிருந்து என் கோட்டை இழுத்தான். "உண்மையெல்லாம் நக்கோ, வேணாம்! கையெழுத்து அவங்களது இல்லன்னு சொல்லிடு. பழி போஸ்ட்மேன் மேல போயிடும்."

சீனியர் பேகம்பேட்டில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். கேட்க ஆளில்லை.

"இது உங்கள் கட்சிக்காரரின் கையெழுத்தா?" என்றார் நீதிபதி.

"ஆமாம் சார். மனுவில் இருக்கும் பொய் என்னுடையது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பழைய மனுவிலிருந்து நகலெடுத்தேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார்.

"கடை போச்சா பாப்பா?" அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"வெள்ளிக்கிழமை வரை காலி செய்ய வேண்டாம்" என்றார் நீதிபதி. "அதற்குள் உண்மையான காரணத்தோடு புதிய பிரமாணப் பத்திரம் வரட்டும். அதைப் பார்த்து முடிவு செய்கிறேன். அவசரப்பட்டு எழுதாதீர்கள்."

நாளை வெற்றுத் தாளோடு தையல் கடைக்குப் போகிறேன். அந்தத் தபால் வந்த நாளிலிருந்து கேட்கப் போகிறேன். அக்கா சொல்வதைத் தமிழில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் ஆங்கிலம். கடைசியில் பேனாவை நீட்டுவேன். என்னை நம்பி இன்னொரு கையெழுத்து போடுவாரா, தெரியவில்லை.