ஆளில்லாத மலை

நிலக்காட்சிப் புகைப்படப் போட்டியின் விதிகள் எனக்கு மனப்பாடம். இரண்டு முறை தோற்றவனுக்கு வேறென்ன மிஞ்சும்? மூன்றாம் முறை வென்றே தீருவதென்று, அறுபதுகளில் ஒரு மாலை, கேமராவுடன் நார்த்தாமலைக்குப் போனேன். படத்தில் மனிதர் இருக்கக்கூடாது என்பது விதி. ஊர்க்காரர்களோ கேமராவைக் கண்டதும் பாறைமேல் வரிசையாக விறைத்து நின்றார்கள்.

"கொஞ்சம் ஒதுங்குங்க, மலையை எடுக்கணும்."

"மலை எங்கிட்டு ஓடப்போகுது? மொதல்ல எங்களைப் புடிங்க சார்," என்றார் முன்னால் நின்ற அம்மாள்.

ஃபிலிமில் இரண்டே படம் மிச்சம். ஒன்றை அவர்களுக்கு எடுத்தேன்.

"ஏய், எல்லாரும் அங்கிட்டுப் போய்க் குனிங்க! சார் மலையைப் புடிக்கப் போறாரு!" என்று அந்த அம்மாளே அதட்டினார்.

முதல் பரிசு கிடைத்தது. மலையின் தனிமையை நடுவர்கள் வியந்தார்கள். அந்தத் தனிமைக்காகப் பாறைக்குப் பின்னால் ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக் குந்தியிருந்தது. தனி ஆளாக ஜெயித்தேன் என்று யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.