ஓசிக் காலும் காசுக் காலும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெண்மணி தன் காலைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

பதற வேண்டாம். செயற்கைக் கால்தான். மேஜை என் நண்பர் சுந்தரேசனுடையது. ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் காலமெல்லாம் லேத் ஓட்டியவர். ரிடையர் ஆனதும் ஒரு சின்ன ஷெட் எடுத்து, ஏழைகளுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி, மடங்கி நிமிரும் முழங்கால் மூட்டு ஒன்றை உருவாக்கினார்.

முதல் பத்துப் பேருக்கு இலவசமாகவே கொடுத்தார். மாதாமாதம் போன் போட்டு விசாரிப்பார். அருமையாக இருக்கிறது சார், நீங்கள் நல்லா இருக்கணும் - பத்துப் பேரும் இதே பதில்.

பிறகு ஒரு முதலீட்டாளர் வந்தார். பணம் போடுகிறேன், ஆனால் இனி ஓசி கிடையாது, லாபம் வைத்துத்தான் விற்க வேண்டும் என்றார். சுந்தரேசன் அரை மனதாக ஒப்புக்கொண்டார். நான் சும்மா இருப்பேனா? நடக்க முடியாதவரிடம் லாபமா, அறிவியல் என்ன மளிகைக் கடையா என்று பிடிபிடியென்று பிடித்தேன். மனிதர் முகம் வாடிவிட்டது.

அப்படி விற்ற முதல் கால்தான் அன்று மேஜைக்கு வந்தது. வாங்கியவர் கஸ்தூரி. வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை நடத்துகிறார்.

"இன்னா சார் இது? படி ஏறச்சொல்லோ கம்முனு கீது. எறங்கச்சொல்லோ மடங்கிக்கினு ஆளையே தள்ளுது. சும்மாவா வாங்கினேன்? துட்டு குட்த்துல்ல வாங்கிகீறேன்."

சுந்தரேசனுக்குப் பொறி தட்டியது. மறுநாளே, ஓசியில் வாங்கியவர்களின் வீடுகளுக்குக் கிளம்பினோம். ஒருவர் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார். இன்னொருவர், நெமிலிச்சேரிக்காரர், காலைப் பத்திரமாகப் பரணில் வைத்துவிட்டு, பழைய ஊன்றுகோலோடு நடக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றால்... சும்மா கொடுத்த மனுஷரிடம் எப்படிக் குறை சொல்வதாம்?

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லாபத்தைப் பற்றி எனக்கு இன்னமும் ஆயிரம் சந்தேகங்கள் உண்டு. ஆனால் பத்துப் பேரின் ஆசீர்வாதம் கண்டுபிடிக்காத கோளாறை, காசு கொடுத்த ஒருவரின் கோபம் கண்டுபிடித்துவிட்டதே!

முதலீட்டாளர் பணத்தில் மூட்டுக்குப் புது ஸ்பிரிங் வந்தது. கஸ்தூரிக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் மாற்றிக் கொடுத்தாயிற்று.

நேற்று வேப்பம்பட்டு ஸ்டேஷன் மேம்பாலத்தில் கஸ்தூரி கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தார். கீழே நின்ற சுந்தரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கஸ்தூரி நேராக எங்களிடம் வந்து நின்றார்.

"படி ஓகே சார். கிரீச்னு ஒரு சத்தம் வருது பாரு... அதுக்கும் சேத்துத்தான துட்டு குட்த்தேன்?"