பாட்டு நிற்கக் கூடாத கல்யாணம்

எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் அண்ணா ஒரு ரெக்கோடிங் பார் வைத்திருந்தார். ஆட்கள் கேட்கிற பாட்டுகளை இசைத்தட்டிலிருந்து கசற்றில் பதிந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. அண்ணா ஒலிபெருக்கி கட்ட ஊரூராகப் போய்விடுவார், கடையில் நான்தான். கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் வாங்கிய இரண்டு ரெக்கோட் பிளேயர்கள் இருந்தன. தட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டிலும் ஒரு சின்னக் கட்டை உண்டு. அது எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் வெளிநாட்டுப் பயணி ஒருவர் பிரதியெடுக்கத் தந்த கசற்றை ஓடவிட்டிருந்தேன். அதில் பாட்டு நிற்கவே இல்லை. ஒரு பாட்டின் தாளத்துக்குள்ளிருந்தே அடுத்த பாட்டு கிளம்பி வந்தது. அப்போது கடைக்கு வந்திருந்தாள் என் சிநேகிதி. போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண், துறைமுகக் கந்தோரில் டைப்பிஸ்ட். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

“என்ர கல்யாணத்துக்கும் இப்பிடித்தான் வேணும்,” என்றாள். “அவர் சரியான கூச்சக்காரன். ஒரு பாட்டுக்கு எப்பிடியும் எழுப்பிப்போடுவன். பாட்டு நிண்டுதோ, போய்க் கதிரையில இருந்திடுவார். பிறகு எழுப்ப ஏலாது.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எத்தனையோ கல்யாணங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். “ஓம், செய்து பாப்பம்,” என்று சொல்லிவிட்டேன். எப்படிச் செய்வதென்று ஒரு துளியும் தெரியாது.

இரண்டு பிளேயர்களின் சத்தத்தையும் ஏற்றி இறக்க அண்ணா ஒரு பெட்டி செய்து தந்தார். ஒரு தட்டு வெளியே பாடும். மற்றதை ஹெட்ஃபோனில் ஒரு காதால் கேட்டு, விரலால் பிடித்து நிறுத்தி, சரியான அடி வரும்போது விடவேண்டும். விட்டால் கொஞ்ச நேரம் ஒன்றாகப் போகும். பிறகு ஒன்று முந்தும். கட்டையைத் தள்ளினால் மற்றது முந்தும். கேட்க இரண்டு குதிரைகள் ஒரே வண்டியை இழுத்து இடறுவது போலிருக்கும்.

பக்கத்துத் தையற்கடைக்காரர் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவோம். பொறுக்க முடியாமல் ஒருநாள் வந்து நின்றார். “தங்கச்சி, உங்கட பாட்டுக்குத்தான் என்ட கால் மிஷினை மிதிக்குது. நீங்க இடறினா என்ட தையலும் கோணலாப் போகுது. இது ஆஸ்பத்திரி ஐயாட காற்சட்டை!”

கடையே சிரித்தது. ஆனால் நான் விடவில்லை. எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பதைக் காது மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. முந்தினால் தட்டின் விளிம்பை விரலால் லேசாகத் தொடுவேன்; பிந்தினால் மெல்லத் தள்ளிவிடுவேன். ஒரு மாலை சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: “தங்கச்சி, இண்டைக்குத் தையல் நேராப் போச்சு!” எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணம் ஒரு பின்னேரம், கடலைப் பார்த்த நீளமான மண்டபத்தில். முதலாவது பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதைச் சேர்த்தேன். ஹெட்ஃபோனில் எல்லாம் சரி, ஆனால் மண்டபத்தில் பழைய குதிரைகள்! ஆடியவர்கள் தடுமாறி நின்றார்கள். மாப்பிள்ளை கதிரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். சிநேகிதி அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். மண்டபத்தின் மறு தொங்கலில் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். கைகள் சேர்ந்த பிறகுதான் சத்தம் என்னிடம் வருகிறது. ஸ்பீக்கர்களும் அந்தப் பக்கம்தான். காதில் உடனே கேட்கிற தட்டை, பிந்தி வருகிற சத்தத்தோடு அல்லவா நான் சேர்த்திருக்கிறேன்!

“அண்ணா, ஒரு ஸ்பீக்கர் பெட்டியை எனக்குப் பக்கத்தில கொண்டு வாங்கோ!” என்று கத்தினேன்.

“இப்பவா?”

“இப்பவே!”

வயரை இழுத்துக்கொண்டு அண்ணா பெட்டியோடு ஓடிவந்தார். அதில் காதை வைத்து அடுத்த தட்டைச் சேர்த்தேன். நூல் கோத்தது போல் உள்ளே போனது. அதற்குப் பிறகு இங்கிலிஸ் பாட்டு, துள்ளலான பைலாப் பாட்டு என்று மாறி மாறிப் போனது. ஆடியவர்களின் கால்கள் நிற்கவில்லை. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். சிநேகிதியின் முகத்தை அப்படி ஒரு சந்தோஷத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து மாப்பிள்ளை வியர்த்து வழிய என்னிடம் வந்தார். “நல்ல நீளமான பாட்டு,” என்றார். “முடியட்டும், போய் இருப்பம் எண்டு பாத்துக்கொண்டே ஆடினனான். முடியவே இல்லை.”

சிநேகிதி அவருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டுகளை உறையில் போட்டேன். என் ஒரு மாதப் பாடு அவருக்குத் தெரியாமல் போனதைவிடப் பெரிய பாராட்டு பிறகு எனக்குக் கிடைத்ததே இல்லை. இன்றும் ஒரு விசேஷம் தடங்கலில்லாமல் நடந்தால், எந்த மூலையில் யார் நின்று பாடுபடுகிறார் என்று என் கண் தேடும். அவரிடம் போய் இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் வீடு திரும்புவதில்லை.