ஆறாவது லேனுக்குச் சிவப்பு அட்டை

ஒரு சினிமா யூனிட் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், நடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நிஜமாகவே போட்டியிலிருந்து வெளியேற்றியவன் நான். சிவப்பு அட்டை காட்டி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இதை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தில்லியில் தடகள அதிகாரியாகப் புதிதாக வருகிறவர்களுக்கு என் பெயருக்கு முன்னாலேயே இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிடுகிறது, மசாலா சேர்த்து. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மசாலாவும் நானே சேர்த்துக்கொள்கிறேன்.

துப்பாக்கி உத்தியோகம்

நான் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸ். வார நாட்களில் ஃபைல், ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி. ஓட்டப் பந்தயத்தில் "ஆன் யுவர் மார்க்ஸ், செட்" என்று சொல்லிச் சுடுகிற ஸ்டார்ட்டர் நான்தான். ஆபீசில் நான் உள்ளே வந்தால் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதுகூட இல்லை. மைதானத்தில் என் ஒரு வார்த்தைக்கு எட்டுப் பேர் மண்டியிடுகிறார்கள். இந்த வேலையை விடாமல் செய்வதற்கு வேறு காரணம் வேண்டுமா?

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் ஸ்டார்ட்டரின் வேலை சுடுவது என்று நினைக்கிறார்கள். சுடுவதற்கு விரல் போதும். வேலை என்பது பார்ப்பது. சத்தத்துக்கு முன்னால் யாராவது கிளம்பிவிட்டால் அந்த நொடியே இரண்டாவது முறை சுட வேண்டும். இரண்டாவது சத்தம் கேட்டால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அப்புறம் தப்பு செய்தவருக்குச் சிவப்பு அட்டை. அட்டையைப் பார்த்தவர் வாதாடாமல் வெளியே போய்விடுவார். எங்கள் பிள்ளைகளுக்கு இது மூச்சு விடுவது மாதிரி பழக்கம். எனக்கும்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

வாசுகியின் ஒரே கண்டிஷன்

வாசுகியை ஸ்கூல் மீட் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். நானூறு மீட்டர் ஓடுகிறவள். அப்பா அம்மா கடலூர்ப் பக்கம், இவள் பிறந்தது வளர்ந்தது தில்லி. கல்யாணம், குழந்தை என்று ஓட்டத்தை விட்டவள், குழந்தை நடக்கத் தொடங்கியதும் மறுபடி ட்ராக்குக்கு வந்து தேசிய அளவில் ஃபைனல் வரை ஓடினாள். அந்த ஃபைனலில் நாலாவது இடம். இந்தக் கதையைத்தான் சென்னையிலிருந்து வந்த ஒரு டைரக்டர் தமிழ்ப் படமாக எடுத்தார். நிரஞ்சன் என்று பெயர். துறுதுறுப்பான ஆள், பத்து நிமிஷத்துக்கு ஒரு டீ குடிப்பார்.

தடகள விஷயங்களில் தப்பு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு கன்சல்டன்ட் வேண்டும் என்றதும் வாசுகி என்னைக் கைகாட்டிவிட்டாள். ஷூட்டிங்குக்கு முதல் நாள் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், எங்கம்மாவ அழ வைக்கட்டும், என் வீட்டுக்காரர வில்லனாக்கட்டும், எனக்குப் பரவால்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தாம பாத்துக்கோங்க. கடைசி ரேஸ்ல நான் நாலாவது."

"ஏம்மா, சினிமாலயாவது ஒரு மெடல் வாங்கிக்கயேன்."

"மூணாவது வந்தது யாரு? சிம்ரன். குழந்தை பொறந்தப்புறம் என்னை வீட்லேர்ந்து இழுத்துட்டு வந்து, கூடவே ஓடி ஓடி என்னைத் தயார் பண்ணினவ. படத்துல எனக்கு வெண்கலம் குடுத்தா அவ மெடல நான் திருடின மாதிரி ஆவும். அவ ஸ்கூல்ல பி.டி. டீச்சர் அங்கிள். அந்தப் பசங்கல்லாம் படம் பாக்கும்ல?"

"நான் இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டேன். என்னை நம்பி யாரும் ஒரு காரியத்தைக் கொடுக்காததற்கு ஆபீசில் நல்ல காரணங்கள் உண்டு. அவளுக்கு அது தெரியாது.

நான் ஜெயித்த ஒரே வாக்குவாதம்

நானூறு மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க மாட்டார்கள். வெளி வட்டத்தில் ஓடுகிறவருக்குத் தூரம் அதிகம் என்பதால் அவரை முன்னால் நிறுத்துவோம். இதைப் பார்த்ததும் நிரஞ்சன் டீயை வைத்துவிட்டார்.

"சார், என்ன சார் இது, ஹீரோயின் பின்னாடி நிக்கிறாங்க? ஆடியன்ஸ் குழம்பிடுவான் சார். எல்லாரையும் ஒரே லைன்ல நிறுத்துங்க."

"நிறுத்தினா வெளிய ஓடுற பொண்ணு ஐம்பது மீட்டருக்கு மேல எக்ஸ்ட்ரா ஓடணும் சார்."

"ஓடட்டுமே, அவங்க ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்தானே?"

அவர்கள் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் இல்லை, எங்கள் ஊரில் நிஜமாகவே ஓடுகிற பெண்கள் என்று சொன்னேன். கோணலாக நிற்பதுதான் நியாயம் என்று டீ கிளாஸ்களை ட்ரேயில் வட்டமாக அடுக்கிக் காட்டினேன். அதில் ஒன்றை எடுத்துக் குடித்தார்.

"சரி சார். அப்ப ஹீரோயின எட்டாவது லேன்ல போடுங்க. எல்லாருக்கும் முன்னாடி நிக்கட்டும்."

இதை வெற்றி என்று கணக்கில் எழுதிக்கொண்டேன். அடுத்ததாக நாலாவது இடத்துப் பேச்சை எடுத்தேன். அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டார். அதுவே கெட்ட சகுனம்.

"சார், ரெண்டே கால் மணி நேரம் உக்காந்து பாத்துட்டு, நாலாவதா வந்தான்னா எவன் சார் கைதட்டுவான்? வெண்கலம். கொடி. மேடை. அம்மா அழறாங்க. முடிஞ்சுது. ஒண்ணு பண்ணுங்க, நீங்களே ஸ்டார்ட்டரா நடிங்களேன். முகம் நல்லாருக்கு."

முகம் நல்லாருக்கு என்று கடைசியாக யாரோ சொன்னது என் பெண்பார்க்கும் படலத்தில். அதுவும் என் அண்ணனைப் பார்த்து. அரை மணி நேரத்துக்கு எனக்கு வாசுகியின் ஞாபகமே வரவில்லை.

இரண்டாவது சத்தம்

கடைசி நாள். மைதானத்துக்கு அன்றோடு அனுமதி முடிகிறது. மாலை வெயில் தங்கமாக இறங்கும் நேரத்தில் ஃபைனல் ஓட்டம், அது முடிந்த கையோடு மெடல் மேடை என்று திட்டம். வெயிலை முகங்களில் திருப்பிவிட ரிஃப்ளெக்டர் பலகைகளோடு லைட் ஆட்கள் அங்கங்கே நின்றார்கள். எனக்குச் சிவப்பு கோட்டு மாட்டினார்கள். மேக்கப்மேன் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "லைட் அடிச்சா க்ளாஸ்ல ரிஃப்ளெக்‌ஷன் வரும் சார்" என்றார். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஐந்து வயது குறைந்து தெரிந்ததால் நானும் மறுக்கவில்லை.

வாசுகியும் சிம்ரனும் ஓரத்தில் நின்றிருந்தார்கள். வாசுகி என்னைப் பார்க்கவே இல்லை. வெண்கலம் வாங்குவதாகத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிம்ரன் மட்டும் சிரித்துக்கொண்டே அவள் முதுகில் தட்டி, "சோட் யார், ஃபில்ம் ஹி தோ ஹை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விடு, சினிமாதானே என்று.

"ஆக்‌ஷன்!"

"ஆன் யுவர் மார்க்ஸ்… செட்…" சுட்டேன். அதே நொடியில் ஆறாவது லேனில் ஏதோ அசைந்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இது சினிமா என்று ஞாபகம் வந்திருக்கும். விரல் தானாக இரண்டாவது முறை சுட்டுவிட்டது.

ஏழு பெண்களும் சட்டென்று நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, திரும்பி நடந்து வந்தார்கள். எங்கள் பிள்ளைகள், பழக்கம். நான் கம்பீரமாக நடந்து போய் ஆறாவது லேனில் இருந்த நந்தினியிடம் சிவப்பு அட்டையை நீட்டினேன். ஜனக்புரிப் பெண், தங்கமான குணம். ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு ட்ராக்கை விட்டு வெளியேறினாள். அவளும் மறந்துவிட்டாள், சினிமா என்று.

ஹீரோயினுக்கு மட்டும் இரண்டாவது சத்தத்தின் அர்த்தம் தெரியாது. மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் தொடர்ந்து போன கேமரா வண்டியில் இருந்தவர்களுக்கும் எதுவும் தெரியாது. யாரும் கட் சொல்லவில்லை, ஏனென்றால் கட் சொல்ல வேண்டியவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒற்றை ஆளாக ஒரு முழுச் சுற்று ஓடி வந்து, கோட்டைத் தாண்டி, புல்லில் விழுந்தாள். தொடைத் தசை பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஐஸ் தேடி ஆட்கள் ஓடினார்கள். வெயில் இறங்கிவிட்டது.

"யோவ்!" என்றார் நிரஞ்சன். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "யோவ், நீ கன்சல்டன்ட்டா, இல்ல வேற ப்ரொட்யூசர் அனுப்பின ஆளா?"

மேடை வேண்டாதவள்

மறுநாள் ஹோட்டல் லாபியில் பஞ்சாயத்து. ஃபைனல் ஷாட் இல்லை, மேடை இல்லை, மைதானம் இல்லை, ஹீரோயினால் நடக்க முடியவில்லை. என்னை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. வாசுகிதான் பேசினாள்.

"சார், வெண்கலம்னா உங்களுக்கு மேடை வேணும், மெடல் வேணும், கொடி வேணும், கூட்டம் வேணும். நாலாவதுன்னா என்ன வேணும்?"

நிரஞ்சன் டீயை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஒண்ணும் வேணாம் சார். நாலாவது வந்தவள யாரும் மேடைக்கு கூப்பிட மாட்டாங்க. ஸ்கோர் போர்டுல பேரக் காட்டுனா போதும். நேத்து அவங்க தனியா ஓடினது இருக்குல்ல, அதப் போடுங்க. எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. பக்கத்துல யாரு ஓடுறான்னே தெரியல."

நிரஞ்சன் எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். டீ ஆறிவிட்டது.

படம் எப்படி?

படம் வெளிவந்ததும் எல்லோரும் என்னைக் கேட்ட கேள்வி இது. நடுநிலையோடு சொல்கிறேன்.

முதலில் குறைகள். ஸ்டேடியம் நிரம்பி வழிகிறது. நம்மூரில் தடகளப் போட்டிக்கு இருக்கைகளை நிரப்புவது வெயில் மட்டும்தான். கோச் வாயைத் திறந்தால் பொன்மொழி. நான் பார்த்த கோச்சுகள் வாயைத் திறந்தால் எழுத முடியாது. மழையில் ஒரு முறை, மணலில் ஒரு முறை ஓடியதும் பாட்டு முடிவதற்குள் வீராங்கனை ஆகிவிடுகிறாள். நிஜத்தில் வருஷக்கணக்கில் ஒரே வளைவை ஓடியவள் அவள், அதைக் காட்டினால் நமக்குக் கொட்டாவி வரும். ஒரு நிமிஷத்துக்குள் முடிகிற ஓட்டம் ஸ்லோ மோஷனில் இன்டர்வெல் வரை நீளுகிறது. வாசுகியின் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பார்த்தார். "நான் எப்ப இவ்ளோ அழுதேன்? அடிதான் குடுத்தேன்" என்று சத்தமாகவே சொன்னார்.

ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கிக்கு முன்னால் அந்த ஒரு விநாடி நிசப்தம், விரல் நுனிகள் கோட்டுக்குப் பின்னால் நடுங்குவது, ஓடி முடித்ததும் குப்புற விழுந்து வாந்தி எடுப்பது, இதையெல்லாம் வேறு யாரும் இவ்வளவு சரியாக எடுத்து நான் பார்த்ததில்லை. பால் கட்டிக்கொண்ட வலியோடு அவள் முதல் முறை வளைவில் ஓடும் காட்சியில் என் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முடிவு? வளைவில் திரும்பியதும் மற்ற ஏழு பேரும் மாயமாகிவிடுகிறார்கள். சத்தமே இல்லாமல் ஒருத்தி ஓடுகிறாள். கோடு. ஸ்கோர் போர்டு. மூன்றாவது சிம்ரன், நாலாவது வாசுகி. தியேட்டரில் கைதட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? "ஓடுகிறவரின் தனிமையை இயக்குநர் கவிதையாக்கியிருக்கிறார்" என்று ஒரு விமர்சனம் வந்தது. அந்தக் கவிதையை எழுதிய துப்பாக்கி என் பீரோவில் இருக்கிறது.

இன்டர்வெல்லில் வாசுகி கேட்டாள். "அங்கிள், உண்மையச் சொல்லுங்க. எனக்காக வேணும்னேதானே சுட்டீங்க?"

நான் சமோசாவைக் கடித்துக்கொண்டே மர்மமாகச் சிரித்தேன். அதற்கப்புறம் ஆள் பார்த்துக் கதை சொல்லப் பழகிவிட்டேன். சினிமா பார்க்கிறவர்களிடம், ஒரு பெண்ணின் மானத்துக்காகச் சுட்டேன் என்பேன். அதிகாரிகளிடம், சினிமாவோ நிஜமோ, லேன் ஆறு அசைந்தது, விதி விதிதான் என்பேன். இளைய ஸ்டார்ட்டர்களுக்கு நான் எடுத்த பயிற்சி வகுப்பில் இதையே பாடமாகச் சொன்னேன்: கண் பார்த்ததை விரல் நம்ப வேண்டும். நடுவில் மூளையை விடக் கூடாது. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு மீட். நானூறு மீட்டர் தகுதிச் சுற்று, சிவப்பு கோட்டு, கையில் துப்பாக்கி. ஆறாவது லேனில் நந்தினி. கால் உந்தும் பிளாக்கைச் சரிசெய்துகொண்டிருந்தவளிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன்: "இன்னிக்காவது அசையாம நில்லும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், மம்மி கசம், அம்மா மேல சத்தியமா, நான் அன்னிக்கும் அசையவே இல்ல. அசைஞ்சது என் பின்னாடி ரிஃப்ளெக்டர் புடிச்சிட்டிருந்த அண்ணன். கண்ணாடியப் போட்டுட்டு சுடுங்க."