பிரிண்ட்டில் வராத வாய்க்கால்

1. பைப் லைனைக் காணோம்

"மேடம், நீங்க அனுப்புன ஷீட்ல ஸ்பிரிங்க்ளர் தலைங்க மட்டும்தான் கீது. பைப் லைனையே காணோம். தண்ணி இன்னா காத்துலயே வருமா?"

சைட் சூப்பர்வைசர் பாபு போனில் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. பதினெட்டு வருஷமாக லேண்ட்ஸ்கேப் டிராயிங் போடுகிறவள் நான். ஒரகடத்தில் ஒரு டிபன் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்பெனிகளுக்குள்ளே புல்தரை எங்கே, மரம் எங்கே, செடிக்குத் தண்ணீர் விடும் பைப் எங்கே என்று வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. டிசைன் ராகவன் சாருடையது, கம்ப்யூட்டரில் வரைவது நான். கலா போட்ட பிரிண்ட்டில் ஒரு கோடு விட்டுப்போச்சு என்று அதுவரை ஒருத்தரும் சொன்னது கிடையாது.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க பாபு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். திமிர்தான், வேறென்ன.

வைத்த பிறகு ஃபைலைத் திறந்தேன். ஸ்கிரீனில் பைப் நீலக் கலரில் பளிச்சென்று ஓடுகிறது. பிரிண்ட் பிரிவ்யூ கொடுத்தால் ஆளைக் காணோம். பாபுவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

ஸ்கிரீனில் இருந்து பேப்பரில் வராவிட்டால் இன்னின்னதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை எனக்கு மனப்பாடம். எங்கள் டிராயிங்கில் ஒவ்வொரு வகைக் கோடும் ஒரு லேயரில் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. கலர் ரொம்ப வெளிறிப்போய் வெள்ளையில் வெள்ளையாக அச்சாகிறதா? இல்லை. அந்த ஷீட்டில் படம் தெரியும் கட்டமான வியூபோர்ட்டில் மட்டும் லேயரை ஃப்ரீஸ் பண்ணி மறைத்திருக்கிறேனா? இல்லை. லேயர் பட்டியலில் பிரிண்டர் படம் அணைந்திருக்கிறதா? பைப் லேயரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் கோட்டையே கிளிக் செய்து அது எந்த லேயரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. டெஃப்பாயிண்ட்ஸ்.

இந்தத் தொழிலுக்குப் புதுசாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நாம் ஒரு அளவுக் கோடு போட்டதுமே சாஃப்ட்வேர் தானாக உண்டாக்கிக்கொள்ளும் லேயர் அது. அதில் என்ன வரைந்தாலும் ஸ்கிரீனில் தெரியும், பேப்பரில் வராது. எத்தனை தடவை பிரிண்ட் தட்டினாலும் வராது. அதனாலேயே எங்களில் பலர் அதை ரஃப் நோட்டு மாதிரி வைத்துக்கொள்வோம். அடையாளக் கோடு, சந்தேகம், ஞாபகக் குறிப்பு எல்லாம் அதில் போகும். ராகவன் சாருக்குப் பேப்பரில் அழுக்கு இருக்கக் கூடாது. "இன்னா கலா இந்தக் கோடு?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் ரஃப் எல்லாம் டெஃப்பாயிண்ட்ஸில் போட்டு, சுத்தமான பிரிண்ட் கொடுத்துப் பேர் வாங்கியிருந்தேன்.

பைப் வரைந்த அன்றைக்கு, அடையாளக் கோடு போட்டவள் லேயரை மாற்றாமல் பைப்பையும் அப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். சரியான லேயருக்கு மாற்றிப் பாபுவுக்கு அனுப்ப இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதோடு எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் மனசுக்குள் ஒன்று உறுத்தியது. இந்த லேயரில் நான் வேறு என்னவெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன்?

2. அக்கா கால் வைத்துக் காட்டிய இடம்

அதே சைட்டின் முதல் ஃபைலைத் திறந்தேன். இடத்தை அளந்து வந்து நான் போட்ட அடிப்படை டிராயிங் அது. டெஃப்பாயிண்ட்ஸை மட்டும் வைத்து மற்ற எல்லா லேயரையும் அணைத்தேன். அடையாளக் கோடுகள் ஒரு குப்பை. அதற்கு நடுவே வளைந்து வளைந்து போகும் இரண்டு கோடுகள். பக்கத்தில் என் எழுத்து: "வாய்க்கால், ஸ்டெல்லா அக்கா காட்டியது. சர்வேயில் கேட்கணும்."

சித்திரை வெயிலில் அளந்தது. ஸ்டெல்லா அக்கா எங்கள் சைட்டுகளில் செடி நடும் பெண்களுக்குத் தலைவி. கம்பெனி மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவில்தான் அவர் வீடு. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு பள்ளத்தில் காலை வைத்து நின்றுகொண்டு சொன்னார்.

"இங்கதாம்மா தண்ணி போவும். எங்க தெருவாண்ட இருந்து வந்து, மதிலு ஓட்டையில பூந்து, இப்டியே போயி அந்தத் தாங்கல்ல, அதாம்மா அந்தச் சின்ன ஏரில, வுழும். இப்ப காஞ்சு கெடக்குதேன்னு பாக்காத. மழைல வந்து பாரு."

அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறு முனையை. அகலம் மூன்று மீட்டர். நோட்டில் எழுதினேன். சாயங்காலம் வரைந்தேன். ஆனால் சர்வேக்காரர்கள் கொடுத்த டிராயிங்கில் அந்த வாய்க்கால் இல்லை. யார் சொன்னது என்று சார் கேட்பாரே என்று, உறுதி பண்ணிக்கொண்டு மாற்றலாம் என டெஃப்பாயிண்ட்ஸில் போட்டேன். அப்புறம் நானும் கேட்கவில்லை, மாற்றவும் இல்லை.

சார் டிசைன் பண்ணுவது பேப்பரில்தான். என் பிரிண்ட்டை மேஜை மேல் விரித்து ஸ்கெட்ச் பேனாவால் போடுவார். ஜெனரேட்டர் இருக்கும் இடம் விருந்தாளிகள் கண்ணில் படாமல் இருக்க, அதற்கு முன்னால் ஐந்தடி உயரத்துக்கு நீளமாக ஒரு மண்மேடு, மேலெல்லாம் புல் என்று பச்சையில் வளைத்தார். அவர் பார்த்த பேப்பரில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. பிறகு நான் ஃபைலைத் திறந்து, கோடுகள் கண்ணைக் கரிக்கிறதே என்று டெஃப்பாயிண்ட்ஸை ஃப்ரீஸ் பண்ணிவிட்டு, சுத்தமான ஸ்கிரீனில் அழகாக மேட்டை வரைந்தேன்.

இப்போது மேடு இருக்கும் லேயரையும் போட்டேன். வாய்க்காலுக்குக் குறுக்கே, நடுச் சென்டரில், மேடு.

3. "நீ வரைஞ்சிருப்பன்னு நெனச்சேன்"

ஷேர் ஆட்டோ பிடித்து சைட்டுக்குப் போனேன். மேட்டு வேலை முடிந்து புல்லும் பதித்தாகிவிட்டது. அக்காவே மேட்டு மேல் உட்கார்ந்து புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுக்கு அடியில பைப் ஏதாச்சும் போட்டாங்களா?"

"அத்த நீதானம்மா சொல்லணும்" என்று சிரித்தார். "மண்ணு கொட்றப்பவே பாபுவ கேட்டேன், தண்ணி எப்டி போவும்னு. டிராயிங்ல வாய்க்காலே இல்லன்ட்டாரு. சரி, நம்ம கலா டேப் புடிச்சு அளந்துகினு போச்சே, அது வரைஞ்சிருக்கும், அடியில ஏதாவது வச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கினேன்."

"வரைஞ்சேன்க்கா. பிரிண்ட்ல வரல."

"வரைஞ்சது எப்டிம்மா வராம பூடும்?"

டெஃப்பாயிண்ட்ஸ் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. என் தப்புக்கா என்று மட்டும் சொன்னேன். அக்கா புல்லைத் தட்டுவதை நிறுத்திவிட்டு மதில் பக்கம் பார்த்தார். ஐப்பசி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

ஆபீஸுக்கு வந்து சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கம்பெனியின் பிராஜக்ட் மேனேஜருக்குப் போன் போட்டார். நாளை மறுநாள் திறப்பு விழா, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். "சார், ஃபங்ஷன் முடியட்டும். நெக்ஸ்ட் வீக் பாத்துக்கலாம். இப்ப லான்ல கை வைக்காதீங்க" என்றார் மேனேஜர். சாரும் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் குன்றத்தூர்க்காரி. செம்பரம்பாக்கம் ஏரி திறந்த வருஷம் தண்ணீர் என்ன செய்யும் என்று சொந்தக்காரர்கள் வீட்டில் பார்த்தவள். அடுத்த வாரம் வரைக்கும் மழை காத்திருக்குமா?

4. சிவப்புப் பேனா

காத்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம், பைப் ஷீட்டைச் சரிபார்க்க நான் சைட்டில் இருந்தபோதே பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கொட்டு கொட்டென்று கொட்டியது. மதில் ஓட்டை வழியாகச் செம்மண் தண்ணீர் உள்ளே வந்தது, மேட்டில் முட்டியது, போக வழியில்லாமல் பரவி மறுபடி மதிலுக்கே ஏறி, அந்தப் பக்கத் தெருவிலும் தேங்கியது.

அக்கா தலையில் உரச் சாக்கைப் போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். முகமே சரியில்லை.

"ரெண்டு படி முழுகிடுச்சாம் கலா. இன்னும் ஒரு படிதான், அப்பறம் வூட்டுக்குள்ள. பொண்ணு பச்ச ஒடம்புக்காரி, கொழந்தையோட உள்ள கீறா."

சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மேனேஜர் மீட்டிங்கில் என்றார்கள். பொக்லைன் பத்தடி தள்ளி நின்றது. "வெட்டச் சொல்லுங்க பாபு" என்றேன்.

"மேடம், ரிவைஸ்டு டிராயிங் இல்லாம தொட்டா என் வேல பூடும். எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. டிராயிங்கில் இருப்பதைச் செய்வதுதான் அவர் வேலை, வாய்க்கால் இல்லாத டிராயிங்கைக் கொடுத்தவள் நான். பையிலிருந்து மண்மேட்டு ஷீட்டை எடுத்து, ஷெட்டுக்குள் சிமெண்ட் மூட்டை மேல் விரித்து, சிவப்புப் பேனாவால் இரண்டு வளைந்த கோடுகளைக் கையால் இழுத்தேன். ஓரத்தில் ரிவிஷன் கட்டத்தில் எழுதினேன்: "வாய்க்கால் சேர்க்கப்பட்டது. மேட்டை இங்கே வெட்டவும்." கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டம் சாருடையது. பதினெட்டு வருஷத்தில் நான் அதில் பேனா வைத்ததே இல்லை.

பாபு வாங்கிப் படித்தார். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் மழையில் இறங்கி ஆபரேட்டரைப் பார்த்துக் கத்தினார்: "வெட்டுப்பா!"

அக்காவும் அவர் ஆட்களும் முன்னால் ஓடி, தாங்களே பதித்த புல்லைப் பாய் மாதிரி சுருட்டி எடுத்தார்கள். பொக்லைன் நாலு வாரு வாரியது. ஐந்தாவதில் மண் தானாகச் சரிந்து, தேங்கிய தண்ணீர் அதில் பாய்ந்து தாங்கல் பக்கம் ஓடியது. அந்தப் பள்ளத்துக்குப் பழைய வழி மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அடித்தது.

"எறங்குதாம்" என்றார். மூன்றாவது படியில் ஈரம் பட்டதோடு நின்றுவிட்டது. நான் அந்த சிமெண்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

5. அதற்கப்புறம்

மேனேஜர் வந்து கத்தின கத்தலை இங்கே எழுத முடியாது. கொஞ்ச நேரத்தில் சார் வந்தார். வெட்டின இடத்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாபுவிடம் அந்த நனைந்த ஷீட்டைக் கேட்டு வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "டிசைன் சேஞ்ச். நடுவுல கூழாங்கல் போட்ட ஓடை வருது" என்று மேனேஜரிடம் சொன்னார். மூன்று நாள் கழித்து ஆபீஸில்தான் என்னிடம் பேசினார்: "இனிமே பேப்பர்ல அழுக்கு இருக்கட்டும் கலா."

இப்போது என் ஃபைல்கள் எல்லாவற்றிலும் "கேட்கணும்" என்று ஒரு லேயர் இருக்கிறது. சிவப்பில், தடிமனாக, கட்டாயம் அச்சாகும்படி வைத்திருக்கிறேன். எனக்கு எதிலெல்லாம் சந்தேகமோ அதெல்லாம் அதில் போகும், எல்லோர் கண்ணிலும் படும். பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் டெஃப்பாயிண்ட்ஸை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள், ஒரு நிமிஷம்தான் ஆகும்.

போன மாசம் மண்ணூர்ப் பக்கம் ஒரு புது சைட். முள்ளுக்குள்ளே மூடிக் கிடந்த ஒரு கிணற்றை ஸ்டெல்லா அக்கா காட்டினார். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்.

"இதுல வேணாம்மா" என்றார். "பேப்பர்ல வந்தப்பறம் காட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. டீ வேணாம் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். மறுநாள் பிரிண்ட்டோடு போனேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்து, நிஜக் கிணற்றைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். "ம், வந்துகீது" என்றார்.

முன்னெல்லாம் அக்காவுக்கு நான் டேப் பிடித்து அளந்ததே போதுமாக இருந்தது. இப்போது எந்த ஷீட்டாக இருந்தாலும் முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் சாரிடம் கொடுக்கிறேன்.